வலையோரம் நிற்கிறவள்

கண்ணுக்குள் வாயுவை அடைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். என் இடது கண்ணுக்குள் அதைத்தான் செய்தார்கள். செய்துவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் குப்புறப் படுக்கவும் வைத்தார்கள். விளையாட்டில் கண்ணில் அடிபட்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உதவும், எழுது என்று சொன்னவர் எனக்கு அறுவை செய்த டாக்டர்தான். உதவுமா என்று எனக்குத் தெரியாது. பொறுமை எனக்குக் கொஞ்சம் கம்மி, அதனால் அங்கங்கே சிடுசிடுப்பு இருக்கும்.

என் பெயர் உமா. திருவனந்தபுரம் கரமனையில் வீடு. அப்பாவுக்குப் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப் பார்க்கிறார். நான் பேட்மின்டன் ஆடிப் பிழைக்கிறவள், அதுவும் இரட்டையர் மட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். மாதத்தில் பாதி நாள் மேஜை, மீதி நாள் ஆட்டம். ஒற்றையரும் ஆடிப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. அவ்வளவு பெரிய கோர்ட்டில் தனியாக நிற்பது பேச்சுத்துணை இல்லாத வீட்டில் இருப்பது மாதிரி இருந்தது.

என் ஜோடி ஜின்ஸி. கோட்டயத்துக்காரி. பள்ளி நாட்களில் விளையாட்டு விடுதிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எங்கள் நாஞ்சில் தமிழ் அவளுக்கு அத்துப்படி, கடைசியில் ஒரு மலையாள வாலை ஒட்டிவிடுவாள், அவ்வளவுதான். அவள் உயரம், நல்ல தோள்பலம், பின்னால் நின்று ஓங்கி அடிப்பாள். நான் குட்டை, கைவேகம் உண்டு, வலையோரம் நிற்பேன். அவள் அடிக்கு எதிராளி திணறித் திருப்பி அனுப்புவதை நான் முன்னால் நின்று ஒரே தட்டில் முடித்துவிடுவேன். மறுநாள் பேப்பரில் படம் வருவது அவளுக்குத்தான். அதைச் சொல்லிக் குத்திக்காட்டாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

முன்னால் நிற்கிறவளுக்கு முதல் வாரமே சொல்லித்தருவது ஒன்று உண்டு. ஜோடி அடிக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. மட்டையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு எதிராளியையே பார்க்க வேண்டும். பின்னால் நடப்பதைக் காது பார்த்துக்கொள்ளும். புதிதாக ஆட வருகிற பெண்கள்தான் திரும்பிப் பார்த்து அடி வாங்குவார்கள். நான் புதிதில்லை. ஆனால் அடிபட்ட அன்று காலைப் பயிற்சியின்போது நல்ல மழை, கூரை ஒழுகித் தரை ஒரு மூலையில் ஈரமாக இருந்தது. ஜின்ஸியின் ஷூ நீளமாக வழுக்குகிற சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் விழவில்லை, வழுக்கிக்கொண்டே அடித்துவிட்டாள். ஷட்டில் நேராக என் இடது கண்ணில் வந்து இறங்கியது.

இறகுப்பந்து என்று பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அதன் தலை தக்கை. நன்றாக அடித்தால் கல் மாதிரி வரும். கண்ணில் முதலில் இருட்டு, பிறகு சிவப்பு. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கருவிழிக்கும் கண்மணிக்கும் நடுவில் இரத்தம் தேங்கியிருக்கிறது, தலையை உயர்த்தி வைத்து ஓய்வெடுத்தால் வடிந்துவிடும் என்றார்கள். வடிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது கண்ணுக்குள் மின்னல் மாதிரி வெட்டத் தொடங்கியது. பிறகு கரும்புள்ளிகள் மிதந்தன. பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல ஏறியது. இமை வீக்கம் இன்னும் இறங்கவில்லை போல என்று அசட்டையாக இருந்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் அப்படி இருக்க வேண்டாம், திரையைப் பார்த்த உடனே ஓடுங்கள்.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருப்பது தனி ரகம். கண்மணியை விரிக்க ஒரு சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. நீளமான வராந்தாவில் வரிசை வரிசையாக எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இருப்போம். யாருடைய பெயரைக் கூப்பிட்டாலும் அத்தனை பேரும் ஒரு கண்ணைத் திறப்போம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் நாலாவது முறை எழுந்து போய்க் கேட்டதும் கவுன்டரில் இருந்த பெண் அம்மாவைக் கூப்பிட்டு என்னைப் பிடித்து உட்கார வைக்கச் சொன்னாள். அம்மா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன வயதில் சாலைக் கடைத்தெருவில் நான் ஓடிவிடாமல் இருக்க அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

விழித்திரை கிழிந்து பிரிந்திருக்கிறது என்றார் டாக்டர். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழிலேயே விளக்கினார். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. ஈரம் இறங்கிய சுவரிலிருந்து காகிதம் உரிந்து வருவது மாதிரி அது உரிந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, படலத்தை மறுபடி சுவரில் பதித்து, ஓரங்களை லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, ஒட்டிப் பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டிருக்க ஒரு வாயுக்குமிழியை உள்ளே விடுவார்கள். குமிழி மேலே மேலே ஏறும் குணம் உடையது. அது கண்ணின் பின்சுவரை அழுத்த வேண்டுமானால் பின்சுவர் மேலே இருக்க வேண்டும். அதற்குத்தான் குப்புறப் படுப்பது. குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, உயரத்தில் அது விரிந்து கண்ணைக் கெடுத்துவிடும் என்றும் சொன்னார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மறுபடி ஆட முடியுமா? முதலில் கண்ணைக் காப்பாற்றுவோம் என்றார் டாக்டர். எனக்கு அது பதிலாகவே படவில்லை.

அறுவையின்போது விழித்துத்தான் இருந்தேன். கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். வலி இல்லை. ஆனால் உள்ளே ஏதோ நிழல்கள் நீந்துவது தெரிந்தது, பயத்தில் பல் கிட்டியது. யாரோ ஒரு நர்ஸ் துணிக்கு அடியில் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. அவர் மட்டும் விட்டிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

பிறகு தொடங்கியது குப்புற வாசம். கட்டிலின் தலைமாட்டில் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு வளையம் மாதிரி ஒரு தலையணை. அதில் முகத்தைப் பதித்தால் கீழே தரை மட்டும் தெரியும். இடது கண்ணுக்கு மூடி, வலது கண்ணுக்கு மொசைக் தரை. சாப்பாடும் அப்படியேதான். அம்மா கஞ்சியை ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள், தோசையைச் சுருட்டிக் கீழேயிருந்து நீட்டினாள். அப்பா வேலைக்குப் போகும் முன்பு வந்து தரையில் பேப்பரை விரித்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் படிக்கப் படிக்கப் பக்கம் திருப்புவார். முட்டி வலிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து காலால் திருப்பினால் போதும் என்றேன். எழுத்தைக் காலால் தொடுவதா என்று மறுத்துவிட்டார். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் எப்படியோ இரண்டு தாளாகச் சேர்த்துத் திருப்பிவிடுவார். நானும் கண்டுகொள்ளவில்லை. பில்லெல்லாம் அலுவலகக் காப்பீட்டில் போகும் என்று அவர் தினமும் ஒருமுறை சொன்னதிலிருந்தே, போகாதோ என்று அவருக்குப் பயம் இருப்பது தெரிந்தது. போய்விட்டது.

ஜின்ஸி உடனே வரவில்லை. ஷூச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளோ என்று காதைத் தீட்டுவேன். கடைசியில் ஒரு மத்தியானம் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு திடீரென்று தரையில் மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து, என் முகத்துக்கு நேர் கீழே வந்துவிட்டாள். உள்ளே வந்த நர்ஸ் மலையாளத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஜின்ஸி அசையவில்லை. தரையெல்லாம் கிருமி என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அவரே ஒரு விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"நீ என்னத்துக்குத் திரும்பினே?" என்றாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"நீ விழுந்துட்டேன்னு நினைச்சேன்."

"நான் விழுந்தா எந்திரிச்சுக்கிடுவேன். நீ முன்னால பாக்க வேண்டியவளல்லே?"

கோபமாகத்தான் கேட்டாள். மறுபடி அதே சத்தம் கேட்டாலும் நான் திரும்பத்தான் செய்வேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

மாநிலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் ஜெயிக்கிற ஜோடிதான் தேசியப் போட்டிக்குப் போகும். இரட்டையரில் இது ஒரு கொடுமை, ஒருத்திக்குக் கண் போனால் இன்னொருத்திக்கும் அந்த வருஷம் போனது. ஜோடியாகப் பெயர் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். சுருதி என்று விடுதியில் ஒரு பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி, கை நல்ல கை. பெரிய மனுஷி மாதிரி நானே சொன்னேன்.

"சுருதி கூடச் சேந்து பேரு குடு. எனக்காண்டி நீ நிக்க வேண்டாம்."

அவள் மாட்டேன் என்று சொல்வாள் என்று நிச்சயமாக இருந்தேன். அதைக் கேட்கத்தான் அப்படிச் சொன்னேன், ஒளிக்க என்ன இருக்கிறது. கட்டாயப்படுத்த வேண்டிய வாக்கியங்களைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

ஜின்ஸி யோசிக்கக்கூட இல்லை. "ஓ, குடுக்கேன்," என்றாள்.

என் வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராக அவள் நெற்றியில் விழுந்தது. மருந்து வடிகிறது என்றேன். வலது கண்ணில் யாரும் மருந்து விடுவதில்லை என்று அவளுக்கும் தெரியும். புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். நீ ஆடச் சொன்னே, அவ ஆடுகேன்னா, இதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே என்று அம்மா கேட்டாள். டாக்டர்தான் தொங்கப் போடச் சொல்லியிருக்கிறார் என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்கள் குப்புறத்தான் கிடந்தேன். இரவுகள் கஷ்டம். கழுத்து இறுகிவிடும், தூக்கத்தில் புரண்டுவிடுவேனோ என்று அம்மா பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டு என் முதுகில் ஒரு கையை வைத்தபடி தூங்குவாள். ஜின்ஸி பயிற்சி முடிந்து சாயங்காலங்களில் வந்தாள். சுருதி முன்னால் நிற்கும்போது வலைக்கு ரொம்ப நெருங்கிவிடுகிறாள், என்ன செய்ய என்று கேட்டாள். என் முகத்துக்குக் கீழே தரையில் சாக்கட்டியால் கோர்ட் வரைந்தாள். அடுக்களையிலிருந்து இரண்டு பூண்டுப் பல்லும் இரண்டு சின்ன வெங்காயமும் எடுத்து வந்து வைத்தாள். பூண்டு நாங்கள், வெங்காயம் எதிராளி. நான் கையைத் தொங்கவிட்டுப் பூண்டை நகர்த்தி நகர்த்திச் சொல்லிக்கொடுத்தேன். முன்னால் இருந்த பூண்டை அவள் சுருதி என்றாள், நான் கடைசிவரை பூண்டு என்றே சொன்னேன். அவளும் திருத்தவில்லை.

சொல்லிக்கொடுக்கும்போது நன்றாக இருக்கும். அவள் போன பிறகு உள்ளங்கை அரிக்கும். மட்டைப்பிடியின் பிசுபிசுப்பு, புது ஷட்டில் குழாயைத் திறந்தால் வரும் வாத்திறகு வாசனை, ஆட்டத்துக்கு நடுவே ஜின்ஸி வியர்வையோடு வந்து என் தோளில் மட்டையால் தட்டுவது, எல்லாவற்றுக்கும் ஏங்கினேன். ஜெயித்த கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றின்மேல் எனக்கு ஏக்கமே வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சிதான் வேண்டும் என்றிருந்தது.

நிமிர அனுமதி கிடைத்த பிறகு குமிழி தெரிந்தது. இடது கண்ணுக்குள் பாதிவரை தண்ணீர் ஊற்றிய மாதிரி ஒரு கோடு, நடந்தால் ததும்பும். நாள் ஆக ஆகக் கோடு இறங்கியது, மேலே வெளிச்சமும் உருவங்களும் வந்தன. பிறகு குமிழி உளுந்து அளவுக்குச் சுருங்கி உருண்டுகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தால் காணோம். வீடே கொண்டாடியது. அன்று நான் காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

பரிசோதனைக்கு அப்பா கூட வந்தார். எழுத்துப் பலகையில் பாதிக்கு மேல் படித்துவிட்டேன். பிறகு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பெரிய ஈயின் படம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் ஈயின் இறக்கை தாளைவிட்டு மேலே எழும்பித் தெரியுமாம், அதை விரலால் பிடித்துக்காட்ட வேண்டும். இரண்டு கண்ணும் சற்றே வேறு வேறான படத்தை அனுப்பும், மூளை அவற்றைச் சேர்த்துத்தான் தூரத்தை அளக்கும், அது நடக்கிறதா என்று பார்க்கும் சோதனை. என் விரல் தாளில் போய் முட்டியது. மறுபடி முட்டியது. வலையோரத்தில் எனக்கு இருந்த ஒரே சொத்து அந்தத் தூரம்தான்.

"வாழ்க்கைக்கு இந்தக் கண்ணு மதி, போதும், உமா. நீ நிக்கிற இடத்துக்குப் போதாது," என்றார் டாக்டர்.

பின்னால் நின்று ஆடலாமா என்று கேட்டேன். கூடாது என்று தலையாட்டினார். தூரம் அளப்பது அங்கும் வேண்டும். ஒட்டிய இடத்தில் இன்னொரு அடி பட்டால் இருக்கிற பார்வையும் போகும், விளையாட்டாகக்கூடக் கோர்ட்டில் இறங்காதே என்றார். அப்பா குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அம்மாவிடம் கண் குணமாகிவிட்டது என்று மட்டும் அப்போதே போனில் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா எங்களைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கண் பிழைத்தால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தாள். உடைக்கிற தேங்காய் ஒவ்வொன்றும் சுக்குநூறாகத் தெறிக்க, அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. கண் வந்தால் ஆட்டம் தானாக வந்துவிடும் என்று நினைத்து நான் தனியாக ஒன்றும் கேட்டுவைக்கவில்லை. அன்று இரவுதான் அப்பா அவளிடம் முழுவதையும் சொன்னார். அம்மா வந்து என் தலையைத் தடவிவிட்டு, கண்ணு இருக்குல்லா மக்களே என்றாள். பிறகு அவளே அழுதாள்.

ஜின்ஸியிடம் நான் சொல்லவில்லை. போட்டிக்கு முன்பே சொன்னால் அவள் ஆட்டம் கெட்டுவிடும். இன்னும் ஒரு பரிசோதனை இருக்கிறது என்று போனில் சொல்லிச் சமாளித்தேன்.

போட்டி இந்த ஊரிலேயே நடந்தது. இறுதி ஆட்டத்தன்று அப்பாவுடன் போய் மேலே படிக்கட்டில் உட்கார்ந்தேன். சுருதி நன்றாக ஆடினாள், நான் பூண்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தபடி வலையிலிருந்து ஓர் எட்டு தள்ளியே நின்றாள். ஆனால் நான் அவளைப் பார்க்கவில்லை. ஜின்ஸியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அவளோடு ஆடியிருக்கிறேன், அவள் அடிக்கிறதை நான் பார்த்ததே இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வீடியோவில் பார்த்திருக்கிறேன், அதில் தப்புகளைத்தான் தேடுவோம். எனக்குப் பின்னால் இதெல்லாமா நடந்துகொண்டிருந்தது? இரண்டு எட்டு பின்னால் போய், உடம்பை வில்லாக வளைத்து எழும்பி, ஒரு கணம் அந்தரத்திலேயே நிற்கிறாள். அடிக்கும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்கிறாள். அதுகூட எனக்குத் தெரியாது. அரங்கத்திலேயே நல்ல இடம் எனக்குத்தான் கிடைத்திருந்தது. யாராவது கேட்டால் அந்த நிமிஷமே கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியிருப்பேன்.

ஜெயித்தார்கள். சுருதியைக் கட்டிப்பிடித்துவிட்டு ஜின்ஸி நேராகப் படியேறி வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. தேசியப் போட்டிக்குப் பெயரை மாற்ற முடியுமாம், கேட்டுவிட்டாளாம். சுருதியிடமும் முதல்நாளே சொல்லித்தான் சேர்ந்தாளாம், உமா வரும்வரை என்று. இடத்தை விட்டுவிடாமல் பிடித்து வைக்கத்தான் அன்று ஆஸ்பத்திரியில் உடனே சரி என்றிருக்கிறாள். இது தெரியாமல் எத்தனை நாள் அவளை மனசுக்குள் வைதிருக்கிறேன்.

"டாக்டர் என்னைக்கு ஆடச் சொல்லியிருக்கு?" என்றாள்.

"இனி ஆட முடியாது, ஜின்ஸி."

அவள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். துண்டுக்குள்ளிருந்தே கேட்டாள், அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாயே, எப்படி ஆடினேன் என்று.

"நீ அடிக்கிறதை இண்ணைக்குத்தான் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "எனக்குப் பாக்க வேண்டாம். எனக்கு முன்னால நிக்கணும்."

அவள் துண்டை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கீழே காலியாகக் கிடந்த கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பரிசளிப்புக்கு மேஜை போட்டார்கள், ஒலிபெருக்கி கரகரத்தது. மகளிர் இரட்டையர் என்று தொடங்கி, ஜின்ஸி என்று பெயர் வந்ததும் இருவருமே எழுந்துவிட்டோம். அடுத்த பெயர் சுருதியுடையது. நான் நின்றபடியே கைதட்டத் தொடங்கினேன், எழுந்ததே அதற்குத்தான் என்பது போல.